ஓட்டோ கியர் வழுக்கும் பழைய கொரோலா: பொக்ஸைக் கழற்ற முன் நீங்களே பார்க்க வேண்டியவை

இறம்பொடை ஏற்றத்தில்தான் எங்கள் 121 கொரோலா முதன்முதலில் காட்டிக்கொடுத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். புசல்லாவை தாண்டி ஒரு வளைவில் அக்சிலேற்றரை அழுத்தினேன். இஞ்சின் இரைந்தது, ஆர்.பி.எம். முள் நாலாயிரத்தைத் தாண்டியது, கார் மட்டும் ஏறவில்லை. இரண்டு விநாடி கழித்து 'டக்' என்று ஒரு உதையோடு கியர் பிடித்தது. அடுத்த வளைவிலும் அதேதான். தட்டையான யாழ்ப்பாண வீதிகளில் எத்தனை மாதம் இந்தக் கோளாறு ஒளிந்திருந்ததோ தெரியாது. ஏற்றமும் பாரமும் வந்த பிறகுதான் வெளியே தெரிந்தது.

திரும்பி வந்து காட்டிய முதல் கராஜில், பொனற்றைத் திறக்கவே இல்லை. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, பொக்ஸ் முடிஞ்சுது. ரீகண்டிஷன் ஒண்டு போடுறதுதான் வழி" என்றார்கள். மனது கேட்காமல் வயதான இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஒயில் பாத்தனீரோ? சூட்டோட பாத்தனீரோ?" பார்த்ததில்லை. கார் வாங்கி நான்கு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு வெகு கீழே கிடந்தது. இடப்பக்கச் சில்லுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டின் சீல் கசிந்து கசிந்து அத்தனையும் போயிருந்தது. ஒரு சீல், சில லீற்றர் ஒயில். அதே பொக்ஸ்தான் இன்றும் ஓடுகிறது.

எல்லாப் பொக்ஸும் இப்படித் தப்பாது. நாள்பட வழுக்க விட்டால் உள்ளே தட்டுகள் எரிந்துதான் போகும். ஆனால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இருபது வருடம் ஓடிய கார்களை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்கள் நம்மில் ஏராளம். அவர்களில் ஒருவராவது பொக்ஸைக் கழற்றச் சம்மதிக்கும் முன் அரை மணித்தியாலம் செலவழித்துப் பார்க்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். 121 கொரோலாவின் 1.5 லீற்றர் பெற்றோல் இஞ்சினோடு வரும் நான்கு கியர் ஓட்டோவை வைத்துத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்து மற்ற நான்கு கியர் ஓட்டோக்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில்: உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றில் பல சி.வி.ரி. வகை. அதில் கியர் மாறும் படிகளே கிடையாது, பெல்ற்தான். அக்சிலேற்றரை அழுத்தினால் ஆர்.பி.எம். முதலில் ஏறி, வேகம் பின்னால் வருவது அதன் இயல்பு. சி.வி.ரி.க்கு ஒயிலும் வேறு. கீழே சொல்லும் ஒயிலை அதற்குள் ஊற்றினால் பொக்ஸ் போய்விடும். சந்தேகம் இருந்தால் காரின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யும்வரை ஒயில் மூடியில் கை வைக்க வேண்டாம்.

உள்ளே வழுக்குவது எது?

மனுவல் காரில் கிளச்சை உங்கள் கால் அழுத்துகிறது. ஓட்டோவில் அந்த வேலையை ஒயிலின் அழுத்தம் செய்கிறது. இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப், பொக்ஸின் அடித்தட்டிலிருந்து ஒயிலை உறிஞ்சி, ஒயிலுக்கு வழி பிரிக்கும் வால்வு பொடிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து சொலனொயிட்கள் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வுகள்) திறந்துவிடும் வழியாகப் போய், உராய்வுப் பூச்சுள்ள கிளச் தட்டுகளை அந்த ஒயில் இறுக்குகிறது. தட்டுகள் இறுகினால் கியர் பிடிக்கும். இறுக்கம் போதாவிட்டால் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உரசும். இதுதான் ஸ்லிப்.

ஆகவே காரணங்கள் மூன்று இடத்தில்தான் இருக்கும். அழுத்தம் வருவதில்லை (ஒயில் குறைவு, அடைப்பு, பம்ப்). அழுத்தம் போக வேண்டிய இடத்துக்குப் போவதில்லை (வால்வு பொடி, சொலனொயிட், வயர்). அல்லது அழுத்தம் சரியாகப் போயும் பிடிக்கத் தட்டில் பூச்சு இல்லை. முதலாவதை வீட்டிலேயே பார்க்கலாம், இரண்டாவதைப் பாதி பார்க்கலாம், மூன்றாவதற்குத்தான் பொக்ஸைக் கழற்ற வேண்டும். கராஜில் பலர் மூன்றாவதிலிருந்து தொடங்குகிறார்கள்.

இது ஸ்லிப்தானா?

ஸ்லிப் என்றால் இஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. சுற்று ஏறாமலே கார் சோர்ந்து போனால் பிழை வேறெங்கோ. இக்னிஷன் கொயில் ஒன்று பலவீனமானால் ஏற்றத்தில் கார் திக்கித் திக்கி உலுக்கும். அதைக் கியர்பொக்ஸ் என்று நினைத்துச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். பிரேக் ஒட்டிப் பிடித்தாலும் கார் இழுக்காது. சிறிது தூரம் ஓடியதும் நான்கு சில்லுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் தகித்தால் பிரேக்கைப் பாருங்கள். நின்று கிளம்பும்போது மட்டும் மந்தமாக இருந்து, கியர் மாறுவதே தெரியாவிட்டால், பொக்ஸின் கம்பியூட்டர் ஏதோ பிழையைக் கண்டு ஒரே கியரில் பூட்டி வைத்திருக்கலாம்.

புதியவர்களைப் பயமுறுத்தும் இன்னொன்று லொக்-அப். மட்டமான வீதியில் சீராக ஓடும்போது, இஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியே பொக்ஸுக்குக் கடத்தும் ரோர்க் கொன்வேர்ட்டர் பூட்டிக்கொள்ளும், ஆர்.பி.எம். 200, 300 இறங்கும். லேசாக ஏற்றம் வந்தாலோ பிரேக்கில் கால் பட்டாலோ பூட்டு விடுபட்டு மறுபடி அவ்வளவு ஏறும். அது நல்ல பொக்ஸின் குணம். ஸ்லிப்பில் முள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று பாயும். ஆர்.பி.எம். மீற்றரே இல்லாத 121-ம் உண்டு. அதில் காதுதான் மீற்றர்.

ஒரு கொப்பியும் அரை மணி ஓட்டமும்

பக்கத்தில் ஒருவரை ஏற்றி, கொப்பியைக் கையில் கொடுங்கள். காலையில் குளிர்ந்த இஞ்சினோடு தொடங்குங்கள். எப்போதெல்லாம் வழுக்குகிறதோ அந்த நேரத்தின் வேகம், ஆர்.பி.எம்., எந்தக் கியருக்கு மாறும்போது, சூடா குளிரா, வளைவா நேரா என்று அவர் குறிக்கட்டும். நீங்கள் வீதியைப் பாருங்கள்.

இந்தக் குறிப்பு பேசும். டி-யிலும் வழுக்கி, ஆர்-இலும் (ரிவேர்ஸ்) வழுக்கினால், எல்லாத் தட்டுகளும் ஒரே நாளில் தேய வாய்ப்பில்லை. பொதுவாக உள்ள ஒன்றுதான் குறைந்திருக்கிறது, அதாவது ஒயில் அல்லது அதன் அழுத்தம். வளைவில் திரும்பும்போதோ சடுதியாக பிரேக் போட்டு மீண்டும் எடுக்கும்போதோ மட்டும் வழுக்கினால், குறைந்த ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று வலுவாகச் சந்தேகிக்கலாம். எங்கள் கார் அப்படித்தான் செய்தது, எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. குளிரில் பிடித்து, சூடேறியதும் வழுக்கினால் தேய்ந்த சீல்களும் பழைய ஒயிலும். ரிவேர்ஸ் நன்றாக இருக்க 1, 2, 3 மூன்றும் வழுக்கினால் முன்னோக்கிய கிளச். மூன்றும் நான்கும் மட்டும் வழுக்கினால் அவை இரண்டும் பகிரும் டிரெக்ற் கிளச். டி-யில் முதலாம் கியர் வழுக்கி, கம்பை எல்-லுக்கு இழுத்தால் பிடிக்கிறதென்றால், ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் ஒருவழிக் கிளச்சைச் சந்தேகிக்கலாம். இவற்றை மெக்கானிக்கிடம் சொல்லிப் பாருங்கள், அவர் உங்களோடு பேசும் விதமே மாறும்.

வழுக்கல் கடுமையாக இருந்தால் இந்த ஓட்டத்தையும் விட்டுவிடுங்கள். வழுக்கும் ஒவ்வொரு விநாடியும் உள்ளே பூச்சு எரிகிறது.

ஒயில் பார்ப்பது: இதை மட்டும் அவசரப்படாமல்

இஞ்சின் ஒயிலைப் போல நிறுத்தி வைத்துப் பார்க்கக் கூடாது. பதினைந்து, இருபது நிமிடம் ஓட்டி ஒயிலைச் சூடாக்குங்கள். 70, 80 பாகை வர வேண்டும். மட்டமான தரையில் நிறுத்தி, ஹான்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கில் காலை வைத்தபடி கம்பை பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொன்றிலும் ஓரிரு விநாடி நிறுத்திக் கொண்டுபோய், திரும்ப பி-க்கு வாருங்கள். இஞ்சினை நிறுத்த வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கிப் பொனற்றைத் திறந்து, பற்றரிப் பக்கமாக உள்ள கியர்பொக்ஸ் டிப்ஸ்ரிக்கை (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) இழுங்கள். தொங்கும் சேலைத்தலைப்பு, துவாய், தளர்ந்த சட்டைக்கை எதுவும் பெல்ற் பக்கம் போகக் கூடாது.

பஞ்சு உதிராத துணியால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். டிப்ஸ்ரிக்கில் இரண்டு எல்லை இருக்கும். குளிர் நேரத்துக்கான எல்லை கீழே, சூட்டுக்கானது மேலே. சூடான ஒயில் மேல் எல்லையின் இரு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் நனைந்திருந்தால் தாழ்ந்த பக்கத்தையே நம்புங்கள். குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒயில் மற்றப் பக்கத்தில் பூசியிருக்கும்.

குறைவாக இருந்தால் டிப்ஸ்ரிக் குழாய் வழியே ஒடுங்கிய நீண்ட புனலை வைத்து, ஒரு தடவைக்கு கால் லீற்றர் ஊற்றி, மறுபடி பார்த்து, மறுபடி ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றுவதும் குற்றம்தான். சுற்றும் பாகங்கள் ஒயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் வராது, அதுவும் வழுக்கும்.

121-இன் இந்தப் பொக்ஸுக்கு ரொயோட்டா சொன்னது டைப் ரி-4. போத்தலில் நான்கு ரோமன் எண்ணில் இருக்கும். அதற்கு முந்திய கொரோலாக்கள் பலவற்றுக்கு டெக்ஸ்ரன் வகை. கையேட்டிலும் பல டிப்ஸ்ரிக்குகளிலும் பெயர் பொறித்திருக்கும். "எல்லாம் சிவப்பு ஒயில்தானே" என்று கடைக்காரர் சொன்னாலும் பொறித்திருப்பதை மட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு வகையும் தட்டுகள் பிடிக்கும் விதத்தை மாற்றும்.

இப்போது அந்த ஒயிலின் இரண்டு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். செம்மையாகத் தெளிவாகப் பரவினால் நல்லது. தேயிலைச் சாயம்போல மண்ணிறமென்றால் வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும். நடுவில் கரும்புள்ளியாகத் தங்கி, மூக்கருகே கொண்டுபோனால் கருகிய வாடை அடித்தால் தட்டின் பூச்சு எரிந்து கலந்திருக்கிறது. இரு விரலிடையே தேயுங்கள், நறநறவென்றால் உலோகத் துகள். ரோசாப்பூ நிறத்தில் மில்க்ஷேக் மாதிரி இருந்தால் இஞ்சினை உடனே நிறுத்துங்கள். ரேடியேற்றரின் தொட்டிக்குள்தான் கியர் ஒயில் குளிர்கிறது. அந்தக் குழாய் உள்ளே ஓட்டையாகித் தண்ணீர் பொக்ஸுக்குள் போயிருக்கிறது. தட்டின் பூச்சை ஒட்டி வைத்த பசையைத் தண்ணீர் கழற்றிவிடும். அந்தக் காரை கராஜுக்குக்கூட ஓட்டிப் போகாதீர்கள்.

குறைந்தது எங்கே போனது?

இஞ்சின் ஒயிலைப் போல கியர் ஒயில் எரிந்து தீராது. குறைந்திருந்தால் கசிகிறது, அவ்வளவுதான். இரவு காருக்கடியில் பெரிய காட்போட் ஒன்றை விரித்து, காலையில் சொட்டு விழுந்த இடத்தைப் பாருங்கள். ரொயோட்டாவின் கூலன்டும் சிவப்புத்தான், ஏமாற வேண்டாம். தண்ணீர் விட்டால் கூலன்ட் கலந்து கழுவுப்படும், கியர் ஒயில் மிதந்து படலமாக நிற்கும்.

அடித்தட்டின் கஸ்கற், ரேடியேற்றருக்குப் போகும் இரண்டு ஹோஸ், சில்லுகளுக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்களின் சீல் ஆகியவை வெளியிலிருந்து மாற்றக்கூடியவை. இஞ்சினும் பொக்ஸும் சந்திக்கும் இடத்திலிருந்து சிவப்பாகச் சொட்டினால் முன் பம்ப் சீல். அதற்குப் பொக்ஸை இறக்கத்தான் வேண்டும். அடியில் குனிவதென்றால் ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், ஸ்ரான்டும் சில்லுக்குக் கட்டையும் வைத்த பிறகு மட்டும்.

ஒயில் சரி, ஆனாலும் வழுக்குகிறது

முதலில் ஒரு எளிய சோதனை. ஒயில் சூடாக, ஏசி நிறுத்தி, இஞ்சின் அமைதியாக ஓட, பிரேக்கை நன்றாக மிதித்தபடி என்-இலிருந்து (நியூட்ரல்) டி-க்குப் போடுங்கள். கார் லேசாக உதைத்துக் கியர் விழுவதை உடம்பில் உணர்வீர்கள். கம்பை மாற்றியதிலிருந்து அந்த உதை வரை ரொயோட்டாவின் கணக்கில் 1.2 விநாடிக்குள் இருக்க வேண்டும். ஆர்-க்கு 1.5 விநாடி. ஒவ்வொரு தடவைக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டு மூன்று தடவை எடுத்துச் சராசரி பாருங்கள். இரண்டும் தாமதமென்றால் அழுத்தம் குறைவு. ஒன்று மட்டுமென்றால் அந்தப் பக்கக் கிளச்.

ஸ்ரோல் ரெஸ்ற் என்று ஒன்றும் உண்டு. பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் அக்சிலேற்றரை முழுதாக அழுத்துவது. ஐந்து விநாடிக்கு மேல் போனாலே ஒயில் கொதிக்கும், பிரேக் விட்டால் கார் பாயும். புதியவர்கள் இதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

121-க்கு முந்திய சில கொரோலாக்களில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது த்ரொட்டிலிலிருந்து பொக்ஸுக்குப் போகும் ஒரு கேபிள். யாரோ இஞ்சின் வேலை செய்துவிட்டுக் கேபிளைத் தளரப் பூட்டினால், நல்ல பொக்ஸும் வழுக்கும். இஞ்சினை நிறுத்தி, ஒருவர் அக்சிலேற்றரை முழுதாக மிதிக்க, கேபிளில் உள்ள சிறு நிறுத்திக்கும் இறப்பர் உறையின் முனைக்கும் இடையைப் பாருங்கள். 0 முதல் 1 மில்லிமீற்றர்தான் இருக்கலாம்.

கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் பொக்ஸில், செக் இஞ்சின் விளக்கு எரிந்தாலோ ஓ/டி ஓஃப் (ஓவர்டிரைவ்) விளக்கு தானாக மினுங்கினாலோ ஸ்கான் செய்யுங்கள். பி0750, பி0751 என்றால் முதல் ஷிஃப்ற் சொலனொயிட் பக்கம், பி0741 லொக்-அப், பி0717 உள்சுற்று சென்சர். பொக்ஸின் வெளிக் கனெக்ரரைக் கழற்றி ஒயிலும் பாசியும் இருக்கிறதா பார்த்துச் சுத்தமாக்கிப் பூட்டினாலே சில பிழைகள் போய்விடும். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த கார்களில் மலிவான புளூடூத் ஸ்கானர்கள் பல வேளைகளில் இணையாது. அது காரின் குற்றமல்ல, ரொயோட்டா வாசிக்கும் ஸ்கானர் உள்ள இடத்துக்குப் போங்கள்.

ஒயில் மாற்றினால் பொக்ஸ் போய்விடுமா?

"பழைய ஒயிலில் ஓடினது ஓடட்டும், மாத்தினா நிண்டுடும்" என்று எங்கும் சொல்வார்கள். நின்ற பொக்ஸ்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எரிந்தவை. வழுக்கத் தொடங்கிய பிறகு கடைசி நம்பிக்கையாக ஒயில் மாற்றி, அது கைகொடுக்காமல், பழி ஒயிலில் விழுந்தது. மண்ணிறமாகி, வாடையில்லாமல், லேசாக மட்டும் வழுக்கும் பொக்ஸுக்குப் புதிய ஒயில் உண்மையிலேயே உதவலாம். கருகி நாறும் பொக்ஸுக்கு உதவாது.

மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்ய நான் விடமாட்டேன். அடியில் தங்கிய கசடு கிளம்பி வால்வு பொடியின் நுண்ணிய வழிகளில் போய் நிற்கலாம். கீழ் போல்டைக் கழற்றி வடியவிட்டு, வடிந்த அளவே ஊற்றுவதுதான் நல்லது. மொத்தம் ஏறக்குறைய 7 லீற்றர் இருக்கும், ஒரு தடவை வடிவது சுமார் 3. மீதி ரோர்க் கொன்வேர்ட்டருக்குள். ஆகவே ஒரு தடவை மாற்றினால் பாதிக்கும் குறைவே புதியது. சில நூறு கிலோமீற்றர் ஓட்டி இரண்டாம் தடவை, பிறகு மூன்றாம் தடவை செய்தால் 80 சதவீதத்துக்கு மேல் புதிய ஒயில். வடித்ததைக் கோடு போட்ட வாளியில் அளந்து வையுங்கள். ஒயில் தோலைச் சுடும், ஓடி வந்தவுடன் போல்டைத் தொடாதீர்கள்.

முதல் தடவையிலேயே அடித்தட்டையும் இறக்கச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அந்த அடித்தட்டில் சிறிய காந்தங்கள் இருக்கும். அவற்றில் சாம்பல் நிறக் களிபோல நுண்தூள் ஒட்டியிருப்பது வழமை, பயம் வேண்டாம். மினுங்கும் செதில், பித்தளைத் துண்டு, கறுத்த நார்த்துண்டுகள் கிடந்தால் பொக்ஸ் திறக்கப்பட வேண்டியதுதான். வடிகட்டியையும் கஸ்கற்றையும் மாற்றி, போல்ட்களை மெல்ல, சமமாக இறுக்க வேண்டும். பலம் காட்டினால் தட்டு நெளிந்து அங்கேயே கசியும். "ஸ்லிப் நிற்கும்" என்று விற்கும் தடித்த மருந்துப் போத்தல்களை வாங்காதீர்கள், காரை விற்கும்வரை மறைக்க மட்டும்தான் அவை உதவும்.

மாற்றுவதென்று முடிவானால்

கழற்ற முன் கேஜ் பூட்டி லைன் பிரஷர் (பொக்ஸுக்குள் ஒயிலின் அழுத்தம்) பார்த்தார்களா என்று கேளுங்கள். பார்க்காமல் கழற்றுவது ஊகம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பொக்ஸ் எடுக்கப் போகும்போது, இஞ்சின் அறையில் பதித்த தகட்டின் படத்தைப் போனில் கொண்டுபோங்கள், பொக்ஸின் குறியீடு அதில் இருக்கிறது. இஞ்சின் ஒன்றாக இருந்தாலும் பொக்ஸ் மாறலாம். கடையிலேயே டிப்ஸ்ரிக்கை இழுத்து வாடை பாருங்கள். பூட்டுவதற்கு முதல், முன் பம்ப் சீலையும் டிரைவ் ஷாஃப்ட் சீல்களையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ரேடியேற்றருக்குப் போகும் குழாய்களைக் கழுவாமல் பூட்டினால் செத்த பொக்ஸின் தூள் முழுவதும் புதிதாக வந்த பொக்ஸுக்குள் போகும். வாரன்ரியை எழுத்தில் வாங்குங்கள்.

இடையில் கார் வீதியில் நின்றுவிட்டால், கயிறு கட்டி நான்கு சில்லும் உருள இழுக்காதீர்கள். இஞ்சின் ஓடினால்தான் பொக்ஸின் ஒயில் பம்ப் சுற்றும். நியூட்ரலில் உருளும்போது உள்ளே பாகங்கள் ஒயிலில்லாமல் சுழலும். முன் சில்லுகளைத் தூக்கி இழுக்க வேண்டும், அல்லது பலகை லொறியில் ஏற்ற வேண்டும். அன்று இறம்பொடையிலிருந்து அந்தக் காரை நான் நுவரெலியா வரையும், பிறகு யாழ்ப்பாணம் வரையும் வழுக்க வழுக்க ஓட்டினேன். டிப்ஸ்ரிக் ஒரு கை தூரத்தில் இருந்தது.